மலைக்குப் போய்ப் படிக்கட்டும்

ஐயா,

குடிமைப்பணித் தேர்வுக்கு, மனித சமூகங்களையும் பண்பாடுகளையும் ஆராயும் மானிடவியலை விருப்பப் பாடமாக எடுத்த எங்கள் பகுதிப் பிள்ளைகள் சிலரோடு பேசினேன். பசிபிக் கடலின் டிரோபிரியாண்ட் தீவுகளில் சிப்பி மாலை ஒரு திசையிலும் சிப்பிக் காப்பு எதிர்த்திசையிலுமாகத் தீவு தீவாகக் கைமாறும் 'குலா' முறையை அழகாக விளக்கினார்கள். மகிழ்ச்சி. ஆனால் அந்தக் குலாவைப் பற்றி எழுதிய மானிடவியலாளர் மாலினோவ்ஸ்கி, 1915 முதல் 1918 வரையிலான காலத்தில் அங்கே ஊருக்குள் கூடாரமடித்துத் தங்கி, அவர்கள் மொழியைக் கற்று எழுதியவர். அப்படி மக்களோடு தங்கி ஆராயும் முறையைத்தான் நம் பிள்ளைகள் முதலில் கற்க வேண்டும்.

அதற்கு ஏற்காடு இருக்கும் நம் சேர்வராயன் மலையே போதும். காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பி மூவரில் பெரியண்ணன் சேர்வராயனிலும், மற்ற இருவர் பச்சைமலை, கொல்லிமலையிலும் குடியேறியதாக மலையாளி பழங்குடியினர் (கேரளத்தவர் அல்லர், இம்மலைகளில் வாழும் தமிழ் பேசும் மக்கள்) வழிவழியாகச் சொல்கிறார்கள். மே மாதம் சேர்வராயன் குகைக்கோயில் திருவிழாவுக்கு மலைக்கிராமங்களே திரண்டு வருகின்றன. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த ஆங்கிலேயர் எட்கர் தர்ஸ்டன், தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி 1909இல் வெளியிட்ட ஏழு தொகுதிகளில் இம்மக்களைப் பற்றியும் எழுதினார். அது வெளியாள் ஒருவர் எழுதியது. இன்று மலைப்பிள்ளைகளே படித்து வருகிறார்கள், அவர்களே எழுதலாமே!

சேலம் கல்லூரிகள் மானிடவியலை விருப்பப் பாடமாகவாவது வைத்து, ஒரு பருவக் களப்பணிக்கு மாணவர்களை மலைக்கிராமங்களுக்கு அனுப்ப வேண்டும். கதை சொல்லும் பெரியவர்களின் சம்மதத்தோடு பதிவுசெய்து, ஒரு பிரதியை அந்த ஊரிலேயே வைக்க வேண்டும்.

- ஒரு வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்