சீழுக்கு நோயாளியின் அலட்சியமா காரணம்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ‘பல்வேர்த் தொற்றுக்கு நானோ துகள்கள்’ (கண்ணுக்குத் தெரியாத அளவு மிகச் சிறிய துகள்கள்) என்ற தலைப்பில் சென்ற வாரம் தாங்கள் வெளியிட்ட கட்டுரையில், வேர் சிகிச்சை செய்த பல்லில் மறுபடியும் சீழ் பிடிப்பதற்குப் பெரும்பாலும் நோயாளியின் அலட்சியமே காரணம் என்று போகிற போக்கில் ஒரு வரி இருந்தது. கட்டுரையாளர் அதை எழுதி முடித்த கையோடு வெள்ளித் துகள்களின் மகிமைக்குப் போய்விட்டார். அந்த வரியைத் தாண்டிப் போக என்னால்தான் முடியவில்லை.

நான் வேதியியல் கற்பித்து ஓய்வுபெற்றவன். மேல் கடைவாய்ப் பல் ஒன்றுக்கு ரூட் கெனால் செய்து கேப்பும் போட்டுக்கொண்டேன். சில மாதங்களில் ஈறில் கொப்புளம் கிளம்பி, உடைந்து, வாயெல்லாம் உப்புக் கரித்தது. சிகிச்சை செய்த இடத்திலேயே போய்க் காட்டியபோது, எக்ஸ்ரே எடுப்பதற்கு முன்பே, “ஒழுங்காப் பல் தேய்க்கிறீங்களா சார்?” என்று கேட்டார்கள். பிறகு வேறொரு வேர் சிகிச்சை நிபுணர் கேப்பைக் கழற்றிப் பார்த்ததில், முன்பக்க வேரில், பல்லின் உள்சதையான கூழ் இருக்கும் இரண்டாவது கால்வாய் ஒன்று தொடப்படாமலே கிடந்தது. அந்த வேரில் பலருக்கும் இரண்டு கால்வாய்கள் இருக்கும் என்பது பாடநூல்களில் உள்ள செய்தி. அதை நான் எந்தப் பிரஷ்ஷால் துலக்கியிருக்க வேண்டும் என்று கட்டுரையாளர் அருள்கூர்ந்து தெரிவிக்கலாம்.

அடைப்பில் விரிசல் விட்டாலோ, புதிதாகச் சொத்தை விழுந்தாலோ கிருமி உள்ளே போகும்; அதை மறுக்கவில்லை. ஆனால் சிகிச்சை தோற்ற பற்களில் அடிக்கடி காணப்படும் என்டரோகாக்கஸ் ஃபீகாலிஸ் என்ற பாக்டீரியா, பல்லுக்குள் இருக்கும் ஓரிரு மைக்ரான் அகலமே உள்ள நுண்குழல்களுக்குள் புகுந்து, உயிர்ப்படலம் (கிருமிகள் கூட்டாகச் சுரக்கும் பிசுபிசுப்பான உறை) போர்த்திக்கொண்டு, இரையில்லாமலும் காலம் தள்ளக்கூடியது. கால்வாய்க்குள் மருந்தாக வைக்கும் கால்சியம் ஹைட்ராக்சைடு, அதாவது நாம் வெற்றிலைக்குத் தடவும் அதே நீற்றிய சுண்ணாம்பு, தரும் காரத்தன்மையைக்கூட, அமிலத்தன்மை தரும் புரோட்டான்களைத் தன் செல்லுக்குள் இழுத்து அந்தக் கிருமி சமாளித்துவிடுகிறது. இந்தப் பிடிவாதம்தான் நானோ ஆராய்ச்சிக்கே காரணம் என்பது தாங்கள் அறியாததல்ல. நோயாளியின் அலட்சியம்தான் வினை என்றால் வெள்ளித் துகளும், இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசானும் எதற்கு? ஒரு நல்ல பிரஷ் போதுமே.

இன்னொன்று. இத்துகள்கள் ‘விரைவில் உங்கள் ஊர் மருத்துவமனையில்’ கிடைக்கும் என்கிறது கட்டுரை. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தினர், இரும்பு பூசிய சிலிக்கா நானோ ரோபோக்களைக் காந்தப்புலத்தால் நுண்குழல்களுக்குள் ஆழமாகச் செலுத்தி, சூடேற்றிக் கிருமியைக் கொல்லும் முறையை 2022-இல் அறிவித்தபோது, சோதனை நடந்தது பிடுங்கிய பற்களிலும் எலிகளிலும்தான். வெள்ளி, பல்லைக் கறுக்கச் செய்யலாம் என்ற கவலையும் உண்டு. அதற்குத் தங்கள் பக்கத்தில் இடமில்லை போலும். சிகிச்சையின்போது எச்சில் உள்ளே போகாமல் தடுக்கப் பல்லைச் சுற்றி மாட்டும் சாதாரண ரப்பர் ஷீட், நான் முதலில் சிகிச்சை செய்துகொண்ட இடத்தில் எனக்கு மாட்டப்படவே இல்லை. அதைப் பற்றி இத்தனை ஆண்டுகளில் தங்கள் இதழ் ஒரு பத்தி எழுதி நான் பார்த்ததில்லை. திறக்கப்படாத கால்வாய்க்குள் எந்த நானோ துகளும் தானாக நடந்து போய்விடாது.

முன்பு தங்கள் கேள்வி-பதில் பகுதியில், பல்வேர்ச் சீழுக்கு ஆன்டிபயாட்டிக் மாத்திரையே போதும் என்று பதில் வந்தபோதும் எழுதினேன். கூழ் செத்த பல்லுக்குள் இரத்த ஓட்டம் இல்லை, மாத்திரை அங்கே எப்படிப் போய்ச் சேரும் என்று கேட்டிருந்தேன். அக்கடிதம் வெளியாகவில்லை. அதே பக்கத்தில் கரித்தூள் பற்பசை விளம்பரம் மட்டும் தவறாமல் வந்தது. இடப் பற்றாக்குறையாக இருக்கலாம்.

நான் கேட்பது சிறியதுதான். அந்த ஒரு வரிக்குத் திருத்தம் வெளியிடுங்கள். இனி இத்தகைய கட்டுரைகளின் அடியில், சோதனை நடந்தது ஆய்வகத் தட்டிலா, பிடுங்கிய பல்லிலா, விலங்கிலா, மனிதரிலா என்று ஒரு வரி சேருங்கள். விளம்பரத்துக்கு மேலே அவ்வளவு இடம் இருக்கும் என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
தஞ்சாவூர்.