என் ஆங்கிலம் எந்தத் தேதியில் காலாவதியானது?

ஆங்கிலத் திறன் தேர்வுகளை நடத்துவோருக்கும், அந்த மதிப்பெண்ணைக் கேட்டு வாங்கும் அயல்நாட்டுச் செவிலியர் வாரியங்கள், குடிவரவுத் துறைகளின் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

போன வாரம் உங்களில் ஒருவரிடமிருந்து எனக்கு மின்னஞ்சல் வந்தது. இது நான்காவது. முந்தைய மூன்றிலும் இருந்த அதே பத்திதான்: தேர்வு முடிவு இரண்டு ஆண்டுகளுக்கு முற்பட்டது, ஏற்க இயலாது. இந்தத் தடவை கூடுதலாக ஒரு வரி. இது பற்றி மேற்கொண்டு எழுத வேண்டாமாம். சரி, தனியாக எழுதவில்லை. எல்லோரும் பார்க்கும்படி எழுதுகிறேன்.

விதி உங்களுக்குத் தெரியும், நீங்கள் போட்டதுதான். ஐஇஎல்டிஎஸ், டோஃபல், பிடிஇ எதை எழுதினாலும் மதிப்பெண்ணுக்கு ஆயுள் இரண்டு ஆண்டு. நான் எழுதியது எது, விண்ணப்பித்தது எந்த நாட்டுக்கு என்று இங்கே சொல்லப்போவதில்லை. ஒருவரை மட்டும் கைகாட்டி என்ன ஆகப்போகிறது?

2022 ஜனவரியில் எழுதினேன். எல்லாப் பிரிவிலும் நீங்கள் கேட்ட அளவுக்குக் குறையாமல் வந்தது. அப்புறம் அப்பாவுக்கு பைபாஸ் செய்ய வேண்டியதாயிற்று. சேர்த்திருந்த பணம் அதற்குப் போனது. திரும்பவும் சேர்த்து, 2023 டிசம்பர் கடைசியில் விண்ணப்பத்தை அனுப்பிவிடலாம் என்று இருந்தேன். மதிப்பெண் செல்லாமல் போக இன்னும் மூன்று வாரத்துக்கு மேல் மிச்சம் இருந்தது.

டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. அன்றும் மறுநாளும் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம் பெய்த மழை உங்கள் ஊர்ச் செய்தியில்கூட வந்திருக்கலாம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். எங்கள் வீடு ஸ்ரீவைகுண்டத்தில். திருச்செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பயணிகளோடு நின்றுபோன அதே ஊர். நான் திருநெல்வேலியில் வார்டில் மாட்டிக்கொண்டேன். அடுத்த ஷிஃப்டுக்கு ஆள் வர வழியில்லை, அதனால் மூன்று ஷிஃப்டையும் நானே பார்த்தேன். நான்காம் நாள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது சுவரில் இடுப்பளவுக்குச் சேற்றுக் கோடு. பீரோவின் கீழ்த்தட்டில் வைத்திருந்த ஃபைலை அம்மா திண்ணையில் எடுத்து வைத்திருந்தாள். மார்க் ஷீட்டுகள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி, ஈரத்தில் விட்ட அப்பளக் கட்டு மாதிரி இருந்தன. அம்மா ஒவ்வொன்றாகப் பிரித்துக் கொடியில் கிளிப் போட்டுக் காயவைத்தாள். மூன்றாம் ஆண்டு மார்க் ஷீட்டில் முத்திரையின் ஊதா மை பரவி என் பெயரைத் தின்றிருந்தது. லேமினேட் செய்திருந்த ஒன்றே ஒன்று பிழைத்தது. ஆங்கில டைப்ரைட்டிங், லோயர், முதல் வகுப்பு. பள்ளியில் படிக்கும்போது வாங்கியது. அதற்குக் காலாவதித் தேதி கிடையாது.

நகல் சான்றிதழ்கள் எல்லாம் கைக்கு வர ஏப்ரல் ஆகிவிட்டது. விண்ணப்பித்தேன். பதில் உங்களுக்கே தெரியும்.

தாமதம் ஏன் ஆனது என்று இரண்டு பக்கத்துக்கு எழுதினேன். வெள்ளம், சான்றிதழ், தாசில்தார் கையெழுத்து, என் மருத்துவமனை கொடுத்த கடிதம் எல்லாவற்றையும் விளக்கி, ஆங்கிலத்தில்தான். நீங்கள் படித்துப் புரிந்துகொண்டு வருத்தமும் தெரிவித்தீர்கள். என் ஆங்கிலத்தை இனி நம்ப முடியாது என்று எனக்கு ஆங்கிலத்தில் எழுதினீர்கள். அது எனக்குப் புரிந்தது. புரிந்துகொண்டு, மறுத்து, ஆங்கிலத்தில் பதில் போட்டேன். அதற்கு நீங்கள் பதில் போட்டீர்கள். இப்படியே நான்கு முறை. இதற்கு மேலும் என்னிடம் ஒரு தேர்வுத்தாள் கேட்கிறீர்கள்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. ஆங்கிலத்திலேயே வேலை பார்த்துக்கொண்டிருக்கிற ஒருவரின் மதிப்பெண்ணைத் தேதி பார்த்துச் செல்லாததாக்காதீர்கள்.

தேர்வே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. டாக்டர் சொல்லும் அளவு காதில் சரியாக விழாவிட்டால் அரை மில்லிகிராம் ஐந்து மில்லிகிராம் ஆகிவிடும். நோயாளியின் நிலைமை என்னவாகும் என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். பயன்படுத்தாவிட்டால் மொழி மங்கிப்போகும் என்கிறீர்கள், அதையும் ஒப்புக்கொள்கிறேன். சின்ன வயதில் பிரச்சார சபாவில் பிராத்மிக் பாஸ் பண்ணினேன். இன்றைக்கு இந்தியில் ஐம்பதுக்கு மேல் எண்ணச் சொன்னால் முழிப்பேன். ஆனால் ஆங்கிலத்தை நான் எங்கே விட்டேன்? நான்காண்டு நர்சிங் படிப்பும் ஆங்கிலத்தில். ஒன்பது வருடமாக நர்சஸ் நோட்ஸ், ட்ரக் சார்ட், டியூட்டி மாறும்போது ஹேண்ட்ஓவர், எல்லாம் ஆங்கிலத்தில். ராத்திரி இரண்டு மணிக்கு அரைத் தூக்கத்தில் எழுதும்போதுகூட ‘பேஷன்ட் கம்ஃபர்டபிள், வைட்டல்ஸ் ஸ்டேபிள்’ என்றுதான் கை போகிறது.

நடுவில் திரும்பவும் எழுதிப் பார்த்தேன். எழுத்துப் பிரிவில் அரை மதிப்பெண் குறைந்துவிட்டது. இரவு டியூட்டி முடித்து நேராக பஸ் ஏறிப் போய், நகரங்களில் மரம் நடுவதால் வரும் நன்மை தீமை பற்றி 250 வார்த்தை எழுத வேண்டியிருந்தது. மரம் நடுவதில் தீமை என்ன என்று யோசிப்பதிலேயே பத்து நிமிடம் போய்விட்டது. எனக்குப் பக்கத்தில் இருந்த பையன் கோச்சிங் சென்டரில் கொடுத்த அச்சுக் கட்டுரையை மனப்பாடம் செய்து வந்ததாக வெளியே வந்ததும் சொன்னான். எந்தத் தலைப்பு வந்தாலும் முதல் பத்தியும் கடைசிப் பத்தியும் மாறாதாம். அவன் மேல் எனக்குக் கோபமில்லை. அப்போது ஒரு தடவைக்குக் கட்டணம் பதினேழாயிரம் ரூபாய். என் ஒரு மாதச் சம்பளம் அதைவிட ஆயிரத்து ஐந்நூறுதான் அதிகம்.

உலகமே இப்படித்தான் என்றால் வாயை மூடிக்கொள்வேன். பிரெஞ்சுக்கு டெல்ஃப் சான்றிதழ் வாங்கினால் வாழ்நாள் முழுக்கச் செல்லும். ஜப்பானிய மொழிக்கான ஜேஎல்பிடி சான்றிதழும் காலாவதியாவதில்லை. அதெல்லாம் வேற்று வீடு, விடுங்கள். ஐஇஎல்டிஎஸ் தேர்வை நடத்தும் பங்காளிகளில் ஒருவரான கேம்பிரிட்ஜ் தனியாக நடத்தும் சி1 அட்வான்ஸ்ட் என்ற ஆங்கிலத் தேர்வின் சான்றிதழுக்கே காலாவதி இல்லையே! ஒரே அடுப்பில் வடித்த சோறு. ஒரு பானை இரண்டு வருடத்தில் ஊசிப்போகிறது, இன்னொரு பானை ஊசிப்போவதே இல்லை. ஆஸ்திரேலியா தன் திறன்சார் விசாக்களுக்கு மூன்று ஆண்டு வரை பழைய மதிப்பெண்ணை ஏற்கிறது. அங்கே மட்டும் எங்கள் ஆங்கிலம் ஒரு வருடம் கூடுதலாகத் தாங்குகிறது போலும். ஆவின் பால் பாக்கெட்டில் போட்டிருக்கும் தேதிக்காவது ஒரு காரணம் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், மனதில் வைத்துக்கொண்டிருக்க முடியவில்லை. தமிழை உயர் நீதிமன்றத்தில் வழக்காடு மொழியாக்க வேண்டும் என்று எங்கள் சட்டமன்றம் 2006இல் தீர்மானம் போட்டது. இன்னும் நடக்கவில்லை. அரசியல் சட்டத்தின் 348ஆம் பிரிவைக் காட்டி அங்கே ஆங்கிலம்தான் ஆள்கிறது. மதுரைக் கிளையில் தமிழில் வாதாட வக்கீல்கள் போராட வேண்டியிருக்கிறது. அதே மதுரைக்கு நான் இருநூற்றுச் சொச்சம் ரூபாய் டிக்கெட் எடுத்துப் போய், எனக்கு ஆங்கிலம் தெரியும் என்று இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நிரூபிக்க வேண்டியிருக்கிறது. இங்கே இருப்பவர்களும் எங்களை ஆங்கிலத்திலிருந்து வெளியே விடமாட்டேன் என்கிறார்கள், அங்கே இருக்கும் நீங்களும் உள்ளே விடமாட்டேன் என்கிறீர்கள்.

மன்னிக்கவும், பேச்சு எங்கோ போய்விட்டது. இந்த வழக்கை நீங்கள் தீர்க்க முடியாது என்று எனக்குத் தெரியும்.

உங்களால் முடிந்ததைத்தான் கேட்கிறேன். ஒருமுறை தேறியவர் அதன் பிறகும் ஆங்கிலத்தில் வேலை செய்துகொண்டிருந்தால், அவருடைய மருத்துவமனை தரும் கடிதத்தை வாங்கிக்கொண்டு பழைய மதிப்பெண்ணை ஏற்றுக்கொள்ளுங்கள். கடிதத்தின் மேல் சந்தேகம் வந்தால் போன் பண்ணிப் பேசுங்கள், பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். குறைந்தபட்சம், வெள்ளம், புயல் என்று அரசே அறிவித்த பேரிடரில் சிக்கியவர்களுக்கு ஆறு மாதம் கூடுதலாகக் கொடுங்கள்.

இந்த மாதம் 23ஆம் தேதி காலை மதுரையில் எனக்கு மறுபடியும் தேர்வு. முந்தின நாள் இரவு டியூட்டியை மாற்றிக்கொள்ள ஒரு தோழி ஒத்துக்கொண்டிருக்கிறாள். அதற்குள் நீங்கள் மனம் மாறினால், கட்டிய பணம் திரும்ப வராவிட்டாலும் பரவாயில்லை, ஒரு வரி மட்டும் அனுப்புங்கள். ஆங்கிலத்திலேயே எழுதலாம்.

பணிவுடன்,
ஸ்ரீவைகுண்டத்திலிருந்து ஒரு செவிலியர்