அந்த ஒரு வரியை திருத்துங்க சார்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் ஆப்கானிஸ்தான் கட்டுரைல "சண்டை அவங்க ரத்தத்துலயே ஊறினது"ன்னு ஒரு வரி வந்துச்சு. படிச்சதுல இருந்து மனசு ஆறல. ஷார்ஜால பழைய கார் பார்ட்ஸ் கடையில 11 வருஷம் வேலை பார்த்தவன் நான், ரூம்ல பக்கத்து கட்டில் ஒரு ஆப்கான்காரர், பாகிஸ்தான்ல பெஷாவர் பக்கம் அகதி முகாம்ல வளந்தவரு. வலது கையில ரெண்டு விரல் கிடையாது. சின்னப் பிள்ளைல பொம்மைன்னு நெனச்சு எடுத்தது, ரஷ்யா ஹெலிகாப்டர்ல இருந்து கொட்டுன பச்சை கலர் கண்ணிவெடி, பாக்க வண்ணத்துப்பூச்சி மாதிரியே இருக்குமாம். மிச்ச மூணு விரல்ல ஸ்பேனர் பிடிப்பாரு. ஒருநாள் கடைக்கணக்கு போடுறப்ப சொன்னாரு, பள்ளிக்கூடத்துல கூட்டல் படிச்சதே தோட்டாவ எண்ணித்தான்னு. அந்த மாதிரி பாடப்புத்தகத்துக்கு காசு கொடுத்தது அமெரிக்க அரசாங்கம், தயாரிப்புல இருந்தது நெப்ராஸ்கா பல்கலைக்கழகம். உங்களுக்குத் தெரியாததா சார்?

ஜாஹிர் ஷா 1933ல இருந்து 1973 வரைக்கும் 40 வருஷம் ராஜாவா இருந்தாரே, அப்ப அந்த ரத்தம் எங்க போச்சு? அப்பவும் ரெண்டு வல்லரசும் போட்டிதான், ஆனா அணை, ரோடுன்னு போட்டி. ஹெல்மண்ட் பக்கம் அமெரிக்கா அணை கட்டுச்சு, சலாங் மலைய குடைஞ்சு ரஷ்யா 1964ல சுரங்கப்பாதை போட்டுக் கொடுத்துச்சு, 1979 டிசம்பர்ல படையெடுத்து வந்தப்ப அந்த ரோடுதான் அவங்களுக்கே உதவுச்சு. அப்புறம் ரஷ்யாவ எதிர்த்து சண்டை போட்டவங்களுக்குன்னு வந்த அமெரிக்க உளவுத்துறை சிஐஏ காசு, சவூதி காசு எல்லாம் பாகிஸ்தான் உளவுத்துறை கைக்குப் போயி, அவங்க அதுல பெரும்பங்க தூக்கிக் கொடுத்தது அந்தப் போராளித் தலைவருங்கள்லயே தீவிரமான ஹெக்மத்யாருக்கு. 1989 பிப்ரவரில ரஷ்யா கிளம்பிருச்சு, கொஞ்ச வருஷத்துல அமெரிக்காவும் கைய உதறிருச்சு, ஆயுதம் மட்டும் அங்கயே தங்கிருச்சு. 1992க்கு அப்புறம் காபூல் மேல ராக்கெட் அடிச்சதும் அதே ஹெக்மத்யார்தான். அந்த அடிதடிக்கு நடுவுலதான் 1994ல கந்தஹார்ல தாலிபான் கிளம்புனது, முகாம் மதரஸால படிச்ச பசங்களும் அதுல நிறைய பேரு.

2021ல காபூல் விழுந்தப்பவும் துப்பாக்கிக்காரங்க படத்த அரைப் பக்கம் போட்டீங்க, இந்தக் கதைல ஒரு வரி இல்ல. அப்பவே நாலு பக்கம் எழுதி அனுப்பினேன், கிடைச்சுதுன்னு ஒரு பதில் கூட வரல. பஷ்டூன், தாஜிக், ஹசாரான்னு தனித்தனி இனமா இருக்கற எல்லாரையும் "ஆப்கான் பழங்குடிகள்"னு ஒரே மூட்டையா கட்டுறதையும் வருஷக்கணக்கா பாத்துட்டுதான் இருக்கேன்.

அந்த வரிக்கு மட்டும் ஒரு சின்ன திருத்தம் போடுங்க, நாலாம் பக்கத்து மூலைல போட்டாலும் சரி. போட்டா அத போட்டோ எடுத்து அந்த ஆப்கான்காரருக்கு அனுப்பணும்.

இப்படிக்கு,
22 வருஷ வாசகன், கடையநல்லூர்