குளோனஸ் முடிச்சு: அம்மாவுக்கு ஒரு கடிதம்

கர்த்தருக்குள் அன்பான அம்மாவுக்கு,

மகள் எழுதுவது. நானும் இவரும் பிள்ளையும் சுகம். உங்கள் முட்டுவலி எப்படி இருக்கிறது? போனில் பேசும்போதெல்லாம் பிள்ளை இடையில் புகுந்து போனைப் பிடுங்கிவிடுகிறான், சொல்ல நினைத்தது ஒன்றும் சொல்லி முடிவதில்லை. அதனால்தான் பழையபடி தாளில் எழுதுகிறேன். போன வாரம், "இன்னும் அந்தக் குரோஷாப் பின்னலை விடவில்லையா, கண் கெட்டுப்போகும்" என்றீர்களே, அதற்குப் பதில்தான் இது. கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

இங்கே குளிர்காலத்தில் நாலரைக்கெல்லாம் இருட்டிவிடும். மழை பக்கவாட்டில் வந்து அடிக்கும், குடையால் பிரயோசனமே இல்லை. ஜூன் மாதம் நேர்மாறு, ராத்திரி பத்து மணிக்கும் வெளிச்சம். நாங்கள் இருக்கும் மோனகன் கவுண்டி அயர்லாந்தின் எல்லை ஓரம். குளோனஸ் ஊரிலிருந்து கேவனுக்குக் காரில் போனால் நடுவே பிரிட்டனோடு சேர்ந்த வட அயர்லாந்துக்குள் நுழைந்து வெளியே வருகிறோம். செக்போஸ்ட் கிடையாது, வேகப் பலகையில் கிலோமீட்டர் மைலாக மாறுவதுதான் அடையாளம். மலையாளிகள் கடையில் உறைய வைத்த மரச்சீனிக் கிழங்கு கிடைக்கிறது, சாப்பாட்டுக்குக் குறையில்லை.

சரி, குரோஷா விஷயத்துக்கு வருகிறேன். நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் குளோனஸ் பக்கத்திலிருந்து வந்த ஒரு பாட்டி இருக்கிறார். வாதத்தில் விரல்கள் வளைந்துவிட்டன, ஆனாலும் கையில் குரோஷாவின் கொக்கி ஊசியும் நூலும் இருந்தால் அவருக்கு வேறு ஒன்றும் வேண்டாம். அவர்தான் எனக்கு அந்த ஊர் முடிச்சைக் காட்டிக் கொடுத்தார். குளோனஸ் முடிச்சு என்றே அதற்குப் பெயர். நான் எத்தனையோ தினுசு போட்டுப் பார்த்திருக்கிறேன் அம்மா, இதைப் போல மனதுக்குப் பிடித்தது ஒன்றுமில்லை.

முதலில் கண்ணிக்குள் கண்ணியாக இழுத்துச் சில செயின் போட வேண்டும். அப்புறம் ஊசியில் நூலைச் சுற்றி, அந்தச் செயினுக்கு அடியில் ஊசியை விட்டு நூலை எடுத்து, மேலே வந்து மறுபடி சுற்றி, மறுபடி அடியில் போய், இப்படியே ஊசியில் பத்துப் பன்னிரண்டு சுற்றுகள் சேர்ந்துவிடும். எல்லாம் ஒரே அளவு தளர்வாக இருக்க வேண்டும். சிலதை மட்டும் இறுக்கிவிட்டால் கடைசியில் ஊசி வெளியே வராது. பிறகு நூலைக் கொக்கியில் மாட்டி எல்லாச் சுற்றுக்குள்ளும் ஒரே இழுப்பாக இழுத்து, பின்னால் செயினோடு சேர்த்து ஒரு தையல் பூட்டினால் மிளகு மாதிரி உருண்டையாக நிற்கும். அந்த ஒரே இழுப்பு நல்லபடி வரும்போது கைக்குக் கிடைக்கும் சந்தோஷத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

இந்த முடிச்சு வரும் குளோனஸ் லேஸில் பார்ப்பவர்கள் கண் போவது ரோஜாவுக்கும் இலைக்கும்தான். பூக்களைத் தனித்தனியாகப் பின்னி, ஒரு துணியில் கவிழ்த்துத் தைத்து வைத்துவிட்டு, நடுவே இருக்கும் வெற்றிடத்தை வலையாகப் பின்னி இணைப்பார்கள். அந்த வலை முழுக்க இந்த முடிச்சுகள்தான். ஒரு வீட்டில் ரோஜா, இன்னொரு வீட்டில் இலை என்று பின்னினார்களாம், தங்கள் வீட்டுத் தினுசைப் பிறருக்குக் காட்டாமல் காத்தவர்களும் உண்டு. எல்லார் வேலையும் கடைசியில் இந்த வலையில் வந்துதான் ஒரே துணியாகிறது. முடிச்சு இல்லாமல் வெறும் செயினாகவே பின்னியிருக்கலாம், சீக்கிரம் முடிந்திருக்கும். ஆனால் அந்த வலைக்கு இந்தக் கனமும் அழகும் வந்திருக்காது. பசியோடு பின்னியவர்கள் அந்தச் சுருக்குவழியை எடுக்கவில்லை என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

பசி என்று சும்மா சொல்லவில்லை. 1845-இல் இங்கே உருளைக்கிழங்குச் செடியில் நோய் விழுந்தது. ஏழைகளுக்கு அந்த ஒரு கிழங்குதான் சாப்பாடு. அடுத்த சில வருஷங்களில் சுமார் பத்து லட்சம் பேர் செத்துப்போனார்கள், இன்னொரு பத்து லட்சம் பேர் கப்பலேறிப் போனார்கள். அவ்வளவு நடந்தபோதும் இந்த நாட்டிலிருந்து தானியம் ஏற்றுமதியாகிக்கொண்டுதான் இருந்தது, அதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. மரச்சீனி தின்று வளர்ந்த நமக்கு ஒரு கிழங்கை நம்பியிருப்பது என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1847-இல் குளோனஸ் சபைக் குருவானவரின் மனைவி கசாண்ட்ரா ஹேண்ட், அங்குள்ள பெண்களுக்குக் குரோஷா கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்தார். வெனிஸ் நகரத்து ஊசி லேஸைப் பார்த்து அதே மாதிரி குரோஷாவில் போட்டார்கள். ஊசியால் தைப்பதைவிட இது வெகு சீக்கிரம் முடியும், சீக்கிரம் காசாகும். தரையில் விளைந்தது அழுகிப்போன வீட்டில் பெண்கள் கையில் பணம் வந்தது.

இதைக் கேட்டபோது எனக்கு யார் ஞாபகம் வந்திருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். 1820-களில் நாகர்கோவிலில் மிஷனரியின் மனைவி மார்த்தா மால்ட் அம்மா பெண்பிள்ளைகளுக்கு லேஸ் கற்றுக்கொடுத்தார்கள் என்று ஞாயிறு பள்ளியில் கேட்டு வளர்ந்தவள் நான். அது தலையணையில் குண்டூசி குத்தி நூல் சுற்றிய மரக்கட்டைகளை மாற்றி மாற்றிப் போடும் லேஸ், குரோஷா இல்லை. ஆனால் நெய்யூரில் நம்ம பாட்டி திண்ணையில் உட்கார்ந்து அந்தக் கட்டைகளை உருட்டித்தானே உங்களை டீச்சர் டிரெயினிங்குக்கு அனுப்பினார்கள்? பாட்டியின் பார்வை மங்கியதும் அந்த வேலையால்தான் என்று நீங்கள் நம்புகிறீர்கள். நான் தலையணைப் பக்கம் போனாலே, "நீ படி, உனக்கு இது வேண்டாம்" என்று விரட்டியதும் அதனால்தான். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது அம்மா. பாட்டி பின்னிய லேஸைச் சீமைப் பெண்கள் சட்டையில் வைத்துக்கொண்டார்கள், பின்னியவளுக்குக் கிடைத்தது சொற்பம், அதையும் நான் மறக்கவில்லை.

ஆனால் பாட்டியின் கூலி உங்களை டீச்சராக்கியது, உங்கள் சம்பளம் என்னை நர்ஸாக்கியது. நான் இன்றைக்கு யாரிடமும் கைநீட்டாமல் தம்பி படிப்புக்குப் பணம் அனுப்புகிறேன் என்றால் அது எங்கிருந்து ஆரம்பித்தது? டியூட்டி முடிந்து வந்து இந்த முடிச்சைப் போடும்போதெல்லாம் எனக்கு அந்தத் திண்ணைதான் தெரிகிறது. குளோனஸ் பெண்களை நான் பார்த்ததில்லை, ஆனால் அவர்கள் யாரென்று எனக்குத் தெரியும். அதனால் இதை விடச் சொல்லாதீர்கள். கண்ணுக்கு வெள்ளை வெளிச்சம் தரும் நல்ல விளக்கு வாங்கிவிட்டேன், ஒரேயடியாக உட்கார்ந்து பின்னுவதும் இல்லை.

இப்போது நம்ம சபை ஆல்டருக்கு ஒரு விரிப்பு பின்னுகிறேன். நடுவில் வெள்ளைத் துணி, ஓரம் முழுக்க இந்த முடிச்சு வலை. மேஜையின் நீள அகலத்தைத் தம்பியிடம் டேப் வைத்து அளக்கச் சொல்லி வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். முன்பக்கம் எவ்வளவு தொங்கலாம் என்று போதகர் ஐயாவிடம் கேட்டுச் சொல்லுங்கள். பாட்டியின் லேஸ் அட்டைகள் ஏதாவது பெட்டியில் மிச்சமிருந்தால் கரையான் அரிக்குமுன் எடுத்து போட்டோ பிடித்து அனுப்புங்கள், இங்கே முதியோர் இல்லத்துப் பாட்டிக்குக் காட்ட வேண்டும், தினமும் கேட்கிறார்.

அன்புடன்,
உங்கள் மகள்