சான்றிதழில் முதல் கையெழுத்துப் போடுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

கன்னியாகுமரி மாவட்டத்துப் பள்ளித் தலைமையாசிரியர்கள், பங்குத்தந்தையர், சபைப் போதகர்கள், ஜமாஅத் நிர்வாகிகள், கிராம நிர்வாக அலுவலர்கள், இ-சேவை மையத்தார் அனைவருக்கும் வணக்கம்.

வெளிநாடு போகிறவர்களின் சான்றிதழ்களை அட்டஸ்டேஷனுக்கு (அவை உண்மையானவை என்று அரசு முத்திரை வாங்குவதற்கு) தயார் செய்துகொடுக்கும் வேலையில் இருப்பவர்கள் நாங்கள். சென்னையிலும் டெல்லியிலும் திருப்பி அனுப்பப்படும் காகிதங்களில் பல, இங்கே உங்கள் மேசையில் எழுதப்பட்டபோதே பழுதானவை. அதனால்தான் இந்த மடல் வெளியுறவு அமைச்சகத்துக்கு அல்லாமல் உங்களுக்கு வருகிறது.

முதலில் காகிதம் போகும் வழி. தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகப் பட்டம் என்றால் மாநில உயர்கல்வித் துறை, பிறப்பு, திருமணச் சான்று என்றால் தலைமைச் செயலகத்தில் அதற்குரிய துறை. அடுத்து வெளியுறவு அமைச்சகம். 2012 முதல் அமைச்சகம் தனிநபரிடம் நேரடியாகக் காகிதம் வாங்குவதில்லை, அங்கீகரித்த ஏஜென்சிகள் வழியாகத்தான். அமைச்சகம் காகிதத்தில் ஒட்டித் தரும் அப்போஸ்டில் என்ற சான்றொப்ப ஸ்டிக்கருக்குக் கட்டணம் ஒரு காகிதத்துக்கு 50 ரூபாய், ஏஜென்சியின் சேவைக் கட்டணம் தனி. அப்போஸ்டிலை ஏற்பதாக ஒப்புக்கொண்ட 1961 ஹேக் உடன்படிக்கையில் இருக்கும் நாடுகளுக்கு அந்த ஸ்டிக்கரோடு வேலை முடிந்தது. ஓமன், பஹ்ரைன் ஏற்கெனவே அதில் இருக்கின்றன. சவூதிக்கு 2022 டிசம்பர் முதல் நடைமுறை. அமீரகம், கத்தார், குவைத்துக்கு அமைச்சக முத்திரைக்குப் பிறகு எம்பசி, அங்கே போய் அந்நாட்டு வெளியுறவு அமைச்சகம் என்று நீளும். சவூதிக்கும் எம்பசி ஸ்டாம்ப் வேண்டும் என்று யாராவது பணம் கேட்டால், எதற்கென்று கேட்கச் சொல்லுங்கள்.

இந்த வழியில் எந்த மேசையிலும் உள்ளே எழுதியிருப்பதை யாரும் திருத்துவதில்லை. முந்தைய கையெழுத்தும் முத்திரையும் உண்மையானவையா என்று மட்டுமே பார்க்கிறார்கள். நீங்கள் தவறாக எழுதிய ஓர் எழுத்து, மேலே நான்கு முத்திரை வாங்கிக்கொண்டு அப்படியே துபாய் போய் இறங்கும். அங்கே பாஸ்போர்ட்டோடு ஒப்பிடும்போதுதான் மாட்டும்.

அதிகம் மாட்டுவது பெயர். ஞானஸ்நானப் பதிவில் மேரி ஸ்டெல்லா, பள்ளியில் எஸ். ஸ்டெல்லா, பாஸ்போர்ட்டில் ஸ்டெல்லா செல்வராஜ்: மூவரும் ஒருவர்தான் என்று நமக்குத் தெரியும், குவைத்தில் இருக்கும் அதிகாரிக்குத் தெரியாது. நம் ஊரில் இனிஷியல் போதும். பாஸ்போர்ட்டோ இனிஷியலை விரித்து எழுதச் சொல்கிறது. இரண்டு பெயரும் ஒருவருடையதுதான் என்று தாசில்தார் தரும் ‘ஒன் அண்ட் சேம்’ சான்று எல்லா இடத்திலும் செல்லாது. பிறகு அரசிதழில் பெயர்மாற்றம், புதிய சான்று, முழு அட்டஸ்டேஷனும் மறுபடி. தலைமையாசிரியர்களே, இதைத் தடுக்க உங்கள் கையில் ஒரு நல்ல வாய்ப்பு உண்டு. பத்தாம் வகுப்புப் பெயர்ப்பட்டியலை அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கு ஏற்றும் முன், ஒவ்வொரு பிள்ளையின் பிறப்புச் சான்றையும் பக்கத்தில் வைத்து, ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். தகப்பனார் பெயரையும் அப்படியே. பெற்றோரிடம் அச்சு நகலைக் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். தேர்வு முடிந்தபின் பிறந்த தேதியை மாற்றுவது நீதிமன்றம்வரை போகக்கூடிய வேலை.

பிறப்புச் சான்றில் குழந்தையின் பெயரே இல்லாத குடும்பங்கள் இன்னும் வருகின்றன. பதிவு செய்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் கட்டணமின்றியும், அதன்பின் 15 ஆண்டுவரை தாமதக் கட்டணத்தோடும் பெயர் சேர்க்கலாம். இ-சேவை மையத்தாரே, குழந்தைக்கு ஆதார் எடுக்க வரும் தாயிடம் இதையும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பிரசவம் திருவனந்தபுரம் மருத்துவமனையில் நடந்திருந்தால் பதிவும் அங்கேதான் இருக்கும். அந்தச் சான்றுக்கும், எல்லையான களியக்காவிளை தாண்டிப் படித்து வாங்கிய பட்டத்துக்கும் கேரள அரசின் சரிபார்ப்புதான் வேண்டும். சென்னைக்கு அனுப்பினால் வெறுங்கையாகத் திரும்பும்.

பங்குத்தந்தையரே, போதகர்களே, ஜமாஅத் பெரியவர்களே: மனைவிக்குக் குடும்ப விசா எடுக்க ஆலயச் சான்றோ நிக்காஹ் பதிவேட்டு நகலோ மட்டும் போதாது. தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம், 2009 படி சார்பதிவாளரிடம் பதிந்த சான்று வேண்டும், அதற்குக் கெடு 90 நாள். திருமணம் முடிந்து மாப்பிள்ளை விமானம் ஏறிவிட்டால், அடுத்த விடுமுறைக்குள் கெடு தாண்டிவிடும். ஓலை (திருமண அறிவிப்பு) வாசிக்கும்போதே இருவரின் பாஸ்போர்ட் நகலையும் கேட்டு, அதில் உள்ளபடியே பதிவேட்டில் எழுதுங்கள். கல்யாணம் முடிந்த கையோடு சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அனுப்பிவையுங்கள்.

அசல் சான்றிதழை லேமினேஷன் செய்யச் சொல்லாதீர்கள். முத்திரையும் ஸ்டிக்கரும் காகிதத்தின்மேல்தான் பதிய வேண்டும். உறையைப் பிரிக்கும்போது பழைய மதிப்பெண் பட்டியலின் மை கையோடு வந்துவிடும். முத்திரையில் பெயரும் பதவியும் வாசிக்கத் தெளிவாக இருக்கட்டும். மை வற்றிய ஸ்டாம்பை மாற்றிவிடுங்கள்.

கிராம நிர்வாக அலுவலர்களிடம் ஒன்று தனியாகச் சொல்ல வேண்டும். கடலோர ஊர்களில் வளைகுடாவுக்கு மீன்பிடிக்கப் போனவர் அங்கே இறந்துவிட்டால், நிலுவைச் சம்பளத்தையும் இழப்பீட்டையும் வாங்க வாரிசுச் சான்றும், வாரிசுகள் கையொப்பமிட்ட அதிகாரப் பத்திரமும் சான்றொப்பம் பெற்றுப் போக வேண்டும். அந்த வீட்டில் அப்போது யாரும் எழுத்துப்பிழை பார்க்கும் நிலையில் இருக்க மாட்டார்கள். நீங்கள் பாருங்கள். இறந்தவர் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி இருக்க வேண்டும், பாஸ்போர்ட் எண்ணையும் விசாரணை அறிக்கையில் குறித்துவையுங்கள். கட்டிக்கொடுத்த மகள்களின் பெயரை விட்டுவிடாதீர்கள். தாய் தகப்பன் உயிரோடிருக்கிறார்களா என்று கேட்டு எழுதுங்கள். ஒரு பெயர் விட்டுப்போனாலும் வாரிசுச் சான்று புதிதாக வாங்க வேண்டும், அதிகாரப் பத்திரமும் புதிதாக எழுத வேண்டும். அதுவரை பணம் அந்த நாட்டிலேயே நிற்கும்.

இப்படிக்கு,
குமரி மாவட்டத்தில் சான்றிதழ் அட்டஸ்டேஷன் பணி செய்வோர்