செயலாளரின் ஆண்டறிக்கை: வாடி வந்த குளோன் அறுவடைக்கு வந்தது எப்படி

அங்கத்தவர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

இந்த முறை அறிக்கையைக் கூட்டக் குறிப்புகளின் தொகுப்பாக எழுதப் போவதில்லை. ரொறொன்ரோப் பக்கம் ஸ்காபரோவிலும் மார்க்கம் நகரிலும் நம் சங்கத்தவர்களின் வளவுகளில் கத்தரி, மிளகாய், பாகல், புடலை எல்லாம் வழமைபோல வந்தன, விதைப் பரிமாற்றமும் நடந்தது, அதில் சொல்ல அதிகமில்லை. எழுதி வைக்கவேண்டியது கஞ்சா வளர்ப்புக் குழுவில் நடந்ததைத்தான், ஏனென்றால் அடுத்த மே மாதமும் இதே கேள்வியோடு யாராவது தொலைபேசி எடுப்பார்கள்: காசு குடுத்து வாங்கின குளோன் வெளியில வைச்சதும் சுருண்டு போச்சு, எறியிறதா வைச்சிருக்கிறதா? குளோன் என்றால் தாய்ச் செடியின் கிளையை வெட்டி வேர் பிடிக்கவைத்த கன்று. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எறியாதீர்கள், ஆனால் அவசரப்பட்டு அதற்கு எதையும் ஊட்டவும் வேண்டாம். பழைய இலையைப் பார்க்காமல் புதுக் குருத்தைப் பாருங்கள், அதை வைத்து முடிவெடுங்கள்.

புதியவர்களுக்காகச் சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு மேலே போகிறேன். கனடாவில் கஞ்சாச் சட்டம் 2018 ஒக்டோபர் 17 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒன்ராறியோவில் 19 வயது நிரம்பியவர் வீட்டில் வளர்க்கலாம், ஆனால் 4 செடி என்பது ஆளுக்கு இல்லை, வீட்டுக்கு; ஐந்து பேர் இருக்கிற வீட்டிலும் நாலுதான். விதையோ கன்றோ சட்டப்படியான கடையிலிருந்து வந்திருக்கவேண்டும், விளைந்ததை விற்கக் கூடாது, வாடகை வீடு என்றால் ஒப்பந்தத்தை எடுத்து ஒருமுறை வாசியுங்கள், கொண்டோ (சொந்த அடுக்குமாடி வீடு) என்றால் அதன் விதிகளையும். சங்கத்தின் பெயரில் ஓர் இடத்தில் எல்லோரும் சேர்ந்து வளர்க்க இதில் வழியில்லை, அதனால்தான் எங்கள் குழு ஒவ்வொருவர் வளவுக்கும் போய்ப் பார்க்கிற குழுவாக இருக்கிறது. மொன்றியலுக்குக் குடிபோன நம் அங்கத்தவர் அங்கே தொடரலாமா என்று கேட்டிருந்தார், முடியாது: கியூபெக்கில் வீட்டில் வளர்க்கத் தடை, அந்தத் தடை செல்லும் என்று கனடா உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் தீர்ப்புச் சொல்லிவிட்டது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

பொருளாளர் அக்கா மே நடுப்பகுதியில், விக்டோரியா தின வாரவிடுமுறைக்குச் சற்று முன்னர் வாங்கிய குளோன் அது. சாண் உயரம்கூட இல்லை. அடி இலைகள் மஞ்சள், மேல் இலைகளின் ஓரம் மேல்நோக்கி மடிந்து நுனி கருகியிருந்தது, தண்டு ஊதா நிறம். சாடியிலிருந்து எடுத்துப் பார்த்தபோது வேர் அடியில் வட்டம் வட்டமாகச் சுற்றி, மண்ணைவிட வேர்தான் அதிகம் என்ற நிலை. வெளியில் வைத்துக் கொஞ்ச நாளில் கணுக்களில் வெள்ளை மயிர்போல நூல்கள் வரத் தொடங்கின, அதாவது அந்த வயதிலேயே பூக்கப் போகிறது. உப தலைவர் அண்ணை எறியச் சொன்னார், அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது, கடையில் இன்னொன்று வாங்க அப்போது நேரம் இருந்தது. அக்கா விடவில்லை. கூட்டத்துக்குக் கொண்டுவந்து காட்டவும் முடியவில்லை, ஏனென்றால் மொட்டு விட்ட செடியைப் பொது இடத்தில் வைத்திருப்பது குற்றம், நாம் கூடுவது நூலக மண்டபத்தில். அதனால் எல்லோரும் அவர் வீட்டுக்குப் போனோம்.

ஏன் பூக்கப் பார்த்தது என்பதை விளங்கிக்கொண்டால் மற்றதெல்லாம் விளங்கும். குளோன் தாய்ச் செடியின் கிளை என்பதால் வயதில் அது தாயின் வயது, பூக்கும் பக்குவம் ஏற்கெனவே அதற்குள் இருக்கிறது. உள்ளே விளக்கின்கீழ் நாளுக்கு 18 மணித்தியாலமோ அதற்கு மேலோ வெளிச்சம் கொடுத்து அதைப் பூக்காமல் வைத்திருக்கிறார்கள். மே நடுப்பகுதியில் ரொறொன்ரோவில் பகல் 15 மணித்தியாலத்துக்கும் குறைவு. ஒரே நாளில் வெளிச்சம் 3 மணித்தியாலத்துக்கு மேல் குறைந்தால் செடி கோடை முடிந்து இலையுதிர்காலம் வருகிறது என்று எடுத்துக்கொள்கிறது. அதற்கு மேல் இரவுக் குளிர், காற்று, விளக்கின்கீழ் பார்த்திராத வெயில், சுற்றிப்போன வேர். விதைக் கன்றுக்கு இந்தக் கரைச்சல் குறைவு, பூக்கும் வயதுக்கு வர அதற்குக் காலம் வேண்டும்.

அக்கா செய்தவை எல்லாம் எளிமையானவை, ஒன்றும் கடைப் போத்தலிலிருந்து வந்ததில்லை. சுற்றிய வேரை விரலால் பிரித்து, அடியில் கொஞ்சம் கத்தரித்து, ஓர் அளவு பெரிய துணிச் சாடிக்கு மாற்றினார். நேரே பெரிய சாடிக்குப் போகவில்லை, காரணம் வேர் எட்டாத ஈரமண் நாட்கணக்காகக் காயாமல் கிடந்து வேரை அழுகவைக்கும். வீட்டின் கிழக்குப் பக்கம் காலை வெயில் மட்டும் படுகிற இடத்தில் வைத்து, ஒன்றரைக் கிழமைபோல மெல்ல மெல்ல வெயிலைக் கூட்டினார். இருட்டத் தொடங்கியதும் படிக்கட்டு விளக்கைப் போட்டு இரவு 11 மணிவரை அதன் மேல் எரியவிட்டார். சாதாரண எல்ஈடி குமிழ்தான், செடி அதில் வளராது, ஆனால் பகல் இன்னும் முடியவில்லை என்று அதற்குத் தெரிந்தால் போதும். தண்ணீர் சாடியைத் தூக்கிப் பார்த்துப் பாரம் குறைந்தால் மட்டும். பசளை இல்லை. நுனி கிள்ளவில்லை. கருகிய இலையைக்கூட அது தானாக விழும்வரை விட்டுவைத்தார்.

இந்த இடத்தில் என் கருத்தைப் பலமாகவே சொல்கிறேன். நம்மில் பலர் மஞ்சள் இலையைக் கண்டதும் கல்சியம் மக்னீசியம் போத்தலையும் பூப்பசளையையும் எடுத்துக்கொண்டு ஓடுகிறோம். உறிஞ்சுவதற்கு வேர் தயாராக இல்லாதபோது ஊற்றிய உப்பு மண்ணில்தான் தங்கும், அது வேரை மேலும் எரிக்கும், இலை இன்னும் மஞ்சளாகும், நாங்கள் இன்னும் ஊற்றுவோம். இந்த ஆண்டு குழுவில் செத்துப்போன கன்றுகள் பெரும்பாலும் பட்டினியால் சாகவில்லை.

யூன் முழுக்க அந்தச் செடி பார்க்க விசித்திரமாக இருந்தது. பூ நிலையிலிருந்து மறுபடி இலை நிலைக்குத் திரும்புகிற செடியில் ஐந்து விரல் இலை வராது, ஒற்றை விரலாக, ஓரம் பல் இல்லாமல் முறுக்கிக்கொண்டு வரும், ஒரே கணுவில் நாலைந்து குருத்து நெருக்கியடித்து வெடிக்கும். நோய் என்று பயந்து யாரோ படம் எடுத்து அனுப்பியிருந்தார்கள். அது நோய் இல்லை, திரும்பி வருகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். யூன் 21ஆம் தேதி பகல் 15 மணித்தியாலமும் 26 நிமிடமும், அந்தக் கிழமையோடு விளக்கை நிறுத்தலாம் என்றானது. பிறகு மூன்று விரல் இலை வந்தது, பிறகு ஐந்து. யூலை தொடக்கத்தில் பெரிய சாடிக்கு மாற்றி, மாட்டெருவும் கொம்போஸ்ட்டும் கலந்து கொடுத்தார், அப்போதுதான் முதல் தீனி. நெருக்கமாக வெடித்த குருத்துகளில் நல்லவற்றை விட்டு மற்றதைக் கிள்ளி, கிளைகளை மெல்லிய துணி நாடாவால் வெளிப்பக்கம் வளைத்துக் கட்டினார். யூலை முடியும்போது அது வேலிக்கு மேல் எட்டிப்பார்க்கத் தொடங்கியது, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளை நினைத்து அக்கா வளவுக் கதவுக்குப் பூட்டும் போட்டார், இதை எல்லோரும் செய்யவேண்டும் என்று குழு தீர்மானித்திருக்கிறது.

எல்லா வாடிய குளோனும் இப்படித் திரும்பும் என்று நான் சொல்லவில்லை. இன்னொரு வீட்டில் ஒரு கன்று கடைசிவரை திரும்பவில்லை. புதுக் குருத்தும் குட்டையாகவே வந்தது, கிளை பக்கவாட்டில் படுத்து, தொட்டால் சட்டென்று ஒடிந்தது, பூவும் சிறுத்து மணமில்லாமல் போனது. ஹொப் லேட்டன்ட் வைரொயிட் என்ற ஒன்று இருக்கிறது, பியர் காய்ச்சப் பாவிக்கும் ஹொப் கொடியும் கஞ்சாவும் ஒரே குடும்பம், அந்தக் கொடியில் அறியப்பட்டிருந்த இந்தத் தொற்றைக் கஞ்சாவில் 2019இல் கலிபோர்னியாவில் அடையாளம் கண்டார்கள். குளோன் வழியாகவும் கத்தரிக்கோல் வழியாகவும் பரவும், வீட்டில் குணப்படுத்த வழியில்லை, உறுதியாகச் சொல்ல ஆய்வுகூடப் பரிசோதனை வேண்டும். அந்தக் கன்றை நாம் பரிசோதிக்கவில்லை, அதனால் அது இதுதான் என்று எழுத மாட்டேன். ஆனால் வெறும் வாட்டம் என்றால் மூன்று நாலு கிழமையில் புதுக் குருத்து தெளிந்துவிடும். தெளியவில்லை என்றால் மற்றச் செடிகளுக்குப் பக்கத்தில் வைத்திருக்காதீர்கள், ஒரு செடி வெட்டிய கத்தரிக்கோலால் அடுத்ததை வெட்டமுன் பிளீச் கலந்த தண்ணீரில் (ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர்) நனைத்துத் துடையுங்கள்.

கோடைப் பூச்சிகளைப் பற்றிச் சுருக்கமாக. யப்பான் வண்டு இலையைச் சல்லடையாக்கியது, விடியக்காலையில் அவை மந்தமாக இருக்கும்போது சவர்க்காரத் தண்ணீர் வாளியில் தட்டி விழுத்தினால் போதும். சோளப் பயிருக்குக் கிட்ட இருக்கிற வளவுகளில் தண்டு துளைப்பான் வந்தது, தண்டில் சிறு ஓட்டையும் மரத்தூளும் கண்டால் அதுதான். ஓகஸ்டில் வெண்பூஞ்சணம். காற்றோட்டம் இல்லாத உள்இலைகளை எடுத்துவிட்ட வீடுகளில் அது பெரிதாகவில்லை.

ஓகஸ்ட் நடுப்பகுதியில் பகல் 14 மணித்தியாலத்துக்குக் கீழே போனதும் அக்காவின் செடி பூக்கத் தொடங்கியது, இந்த முறை உரிய காலத்தில். வாட்டப்பட்ட பெண் செடி பூவுக்கு நடுவில் மஞ்சள் வாழைப்பழ வடிவில் ஆண் மகரந்தப் பையை விடுவது உண்டு, விட்டால் பூவெல்லாம் விதையாகிவிடும், அதனால் கிழமைக்கு இருமுறை ஒவ்வொரு கிளையாகப் பார்த்தோம். அடிக்கிளையில் ஒன்றிரண்டு இருந்தன, ஈரத் துணியால் பிடித்துக் கிள்ளி எடுத்தார். செப்டெம்பர் கடைசி மழைதான் உண்மையான சோதனை. சாம்பல் பூஞ்சணம் வெளியிலிருந்து தெரியாது. தடித்த பூவின் நடுவிலிருந்து ஒரே ஒரு சின்ன இலை மட்டும் மஞ்சளாகி நிற்கும், இழுத்தால் எதிர்ப்பே இல்லாமல் கையோடு வரும். அந்த இடத்தைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே தண்டு கபில நிறத்தில் நொய்ந்து, சாம்பல் தூள் பறக்கும். அப்படிக் கண்டால் பாதிக்கப்பட்டதற்குக் கீழே நல்ல இடம்வரை வெட்டி எறியவேண்டும், கழுவிக் காயவைத்துப் பாவிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அது நுரையீரலுக்குப் போகிற பொருள். அக்காவும் மகனும் நாலு கம்பு நட்டுத் தெளிவான பிளாஸ்டிக் தாளைக் கூரைபோலக் கட்டினார்கள், பக்கங்கள் திறந்தபடி. விடியலில் கிளையைத் தட்டிப் பனி விழுத்துவது அவருக்குத் தேநீருக்கு முந்திய வேலையாகிவிட்டது.

ஒரே நாளில் முழுச் செடியையும் வெட்டவில்லை. உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்து, பிசின் துளிகள் தெளிவு மாறிப் பால் நிறமாகி அங்குமிங்கும் தேன் நிறம் வந்த மேல் கிளைகளை ஒக்டோபர் தொடக்கத்தில் எடுத்தார், கீழ்க் கிளைகளுக்கு இன்னொரு கிழமை வெயில் கிடைத்தது. நிலக்கீழ் அறையில் இருட்டில், 18 பாகை அளவில், ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கிட்ட வைத்துத் தலைகீழாகத் தொங்கவிட்டு, சின்னக் கிளை வளையாமல் முறியும் பதம் வந்ததும் கண்ணாடிப் போத்தல்களில் போட்டு முதல் இரு கிழமையும் நாளுக்கொரு முறை திறந்து மூடினார். போத்தல்கள் பூட்டுப் போட்ட அலுமாரியில் இருக்கின்றன. மூட்டு நோவுக்காக இரவில் கொஞ்சம் எடுக்கிறவர் அவர், வைத்தியருக்கும் தெரியும், கடையில் வாங்கியதைவிட இது என்ன போட்டு வளர்ந்தது என்று தெரிந்தது பெரிய நிம்மதி என்றார். விளைச்சல் விதைக் கன்று வைத்த மற்ற வீடுகளைவிடக் குறைவுதான், ஒரு மாதம் பின்தங்கிய செடியிடம் அதற்கு மேல் கேட்கவும் முடியாது. ஆனால் குழுவில் அழுகலால் மிகக் குறைவாக இழந்தது அந்தச் செடிதான்.

அடுத்த பருவத்துக்கு செயற்குழு முடிவு செய்தவை: குளோன் வாங்குகிறவர்கள் யூன் முதல் கிழமைக்கு முன் வெளியில் நடவேண்டாம், அதற்கு முன் வாங்கினால் உள்ளே விளக்கை நாளுக்கு நாள் குறைத்துப் பழக்குங்கள், கடையில் சாடியைத் தூக்கி அடியைப் பாருங்கள், வேர் சுற்றியிருந்தால் வேறொன்று கேளுங்கள், வந்த கன்றை இரு கிழமையாவது மற்றச் செடிகளிலிருந்து தள்ளி வையுங்கள். முதன்முறை வளர்ப்பவர்களுக்கு விதையே நல்லது என்பது என் சொந்தக் கருத்து, உப தலைவர் அண்ணை இதில் என்னோடு உடன்படவில்லை, இருவர் பக்கத்தையும் பெப்ரவரிக் கூட்டத்தில் கேட்கலாம்.

ஆண்டுக் கணக்கைப் பொருளாளர் அக்கா தனியாக வாசிப்பார். உருப்பெருக்கிக் கண்ணாடியை இரவல் எடுத்தவர் தயவுசெய்து கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள், சங்கத்திடம் இருப்பது அது ஒன்றுதான்.

இப்படிக்கு,
செயலாளர்