உப்புக் கல்லில் சோடிகள் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இதழின் மாணவர் பக்கத்தில் அணுவின் கட்டமைப்புப் பற்றித் தொடராக வெளிவரும் கட்டுரையை நானும் என் மாணவர்களும் வாரந்தோறும் வாசித்து வருகிறோம். கருவினுள் புரோத்தன்களும் நியூத்திரன்களும், வெளியே சக்தி மட்டங்களில் இலத்திரன்களும் அமைந்திருக்கும் விதத்தை முதலிரு பகுதிகள் தெளிவாகவே சொல்லியிருந்தன. அவற்றில் குறை காண எனக்கு ஒன்றுமில்லை. பிணைப்பைப் பற்றிய மூன்றாம் பகுதியில் வந்த படத்தோடுதான் என்னால் உடன்பட முடியவில்லை. 11 இலத்திரன்கள் கொண்ட சோடியம், தன் கடைசி ஓட்டில் தனித்திருக்கும் ஒன்றை, 17 இலத்திரன்கள் கொண்ட குளோரீனுக்கு ஓர் அம்புக்குறி வழியே நீட்டுகிறது. 'சோடியம் மனமுவந்து தன் இலத்திரனைத் தானம் செய்ய, உப்பு மூலக்கூறு உருவாகிறது' என்பது படத்தின் கீழுள்ள விளக்கம். இந்த ஒரு வரியில் இரண்டு பிழைகள் இருக்கின்றன. உயர்தர வகுப்பில் இரசாயனவியல் கற்பிக்கும் எனக்கு, சாதாரண தரத்திலிருந்து இந்தப் படத்தை மனதில் ஏந்தி வரும் பிள்ளைகளிடமிருந்து அதை அழித்தெடுப்பதிலேயே ஒரு தவணை போய்விடுகிறது.

முதலில் அந்தத் தானத்தைப் பார்ப்போம். வாயு நிலையிலுள்ள ஒரு மூல் (அணுக்களைத் தொகையாக எண்ண இரசாயனவியலில் வழங்கும் அளவு) சோடியம் அணுக்கள் ஒவ்வொன்றிலிருந்தும் ஓர் இலத்திரனைப் பிரித்தெடுக்க 496 கிலோயூல் சக்தியைச் செலவிட வேண்டும். மனமுவந்து கொடுப்பவரிடம் இவ்வளவு மல்லுக்கட்ட வேண்டியதில்லையே! அந்த இலத்திரன்களைக் குளோரீன் அணுக்கள் ஏற்றுக்கொள்ளும்போது திரும்பக் கிடைப்பது 349 கிலோயூல் மாத்திரமே. கதை அம்புக்குறியோடு முடிந்திருந்தால் 147 கிலோயூல் நட்டக் கணக்குத்தான் மிஞ்சியிருக்கும், உப்பு உண்டாகியிராது. கணக்கை நேராக்குவது அதற்குப் பின்னர் நடப்பது. இலத்திரனை இழந்து நேரேற்றம் பெற்ற சோடியம் அயன்களும் அதை ஏற்று மறையேற்றம் பெற்ற குளோரைட்டு அயன்களும் எல்லாப் பக்கங்களிலும் ஒன்றையொன்று கவர்ந்து, சாலகம் எனப்படும் ஒழுங்கான அமைப்பாக அடுக்குண்ணும்போது மூலொன்றுக்கு 787 கிலோயூல் வெளிவருகிறது. உலோகச் சோடியத்தைத் தனி அணுக்களாக்குவதற்கும் குளோரீன் மூலக்கூறுகளைப் பிரிப்பதற்கும் ஆகும் செலவுகளைக் கழித்த பின்னரும் 411 கிலோயூல் கைக்கு மிஞ்சுகிறது. சோடியமும் குளோரீனும் உப்பாக மாறுவதற்குக் காரணம் இந்த மிச்சமே தவிர, எந்த அணுவினுடைய தாராள மனமும் அன்று.

கடைசி ஓட்டில் எட்டு நிறைந்தால் அணு 'நிம்மதியடையும்' என்று கட்டுரை சொல்வதும் இதே வகைப் பேச்சுத்தான். 1916 இல் லூயிசும் கொசலும் தனித்தனியே முன்வைத்த எட்டின் கணக்கு, எந்த அணு எத்தனை பிணைப்புகளை ஆக்கும் என்று ஊகிப்பதற்கு இன்றைக்கும் நல்ல கைவிதிதான். ஆனால் அது பிணைப்பின் காரணம் அன்று. ஏற்கெனவே எட்டு நிறைந்த செனன் வாயுவையே 1962 இல் நீல் பாட்லெட் என்ற இரசாயனவியலாளர் சேர்வையாக்கிக் காட்டிவிட்டார்.

இரண்டாவது பிழை 'உப்பு மூலக்கூறு' என்ற சொல். இதை நான் உணர்ந்தது ஒரு மாணவியால் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். கற்பிக்கத் தொடங்கிய காலத்தில், சோடியம் பெண்வீட்டுக்காரர், குளோரீன் மாப்பிள்ளை, இலத்திரன் சீதனம் என்று சொல்லி வகுப்பைச் சிரிக்க வைப்பது என் வழக்கம். ஒருநாள் நிலாவெளியிலிருந்து வரும் பிள்ளை ஒருத்தி, உப்பளத்தில் எடுத்த கட்டியுப்பைக் கடதாசியில் சுற்றிக் கொண்டுவந்து என் மேசையில் வைத்துவிட்டு, "ரீச்சர், இதுக்குள்ள எந்தச் சோடியம் எந்தக் குளோரீனுக்குச் சீதனம் குடுத்தது?" என்று கேட்டாள். வகுப்பு மீண்டும் சிரித்தது. என்னிடம் விடை இருக்கவில்லை.

அந்தக் கட்டியை அன்று மாலை கைவில்லையால் பார்த்தேன். அழுக்கும் ஈரமுமாய் ஒட்டிக்கிடந்த பளிங்குகளுக்கிடையே ஒன்றிரண்டு, செதுக்கிவைத்தாற்போலச் சதுர முகங்களோடு இருந்தன. அவற்றுள் பெரியதன் மேல் சவர அலகை ஒரு முகத்துக்குச் சமாந்தரமாக வைத்து மெல்லத் தட்டினேன். அது நொறுங்கவில்லை, இரண்டாகப் பிளந்தது, பிளந்த முகமும் தட்டையாகவே இருந்தது. உள்ளே ஒவ்வொரு சோடியம் அயனையும் ஆறு குளோரைட்டுகள் சூழ்ந்திருக்கின்றன, ஒவ்வொரு குளோரைட்டையும் ஆறு சோடியங்கள் சூழ்ந்திருக்கின்றன. ஆறு பேரும் ஒரே தூரத்தில், 0.282 நனோமீற்றரில் நிற்க, இன்னாருக்கு இன்னார் என்று சோடி சேர்க்க எவராலும் முடியாது. மில்லிமீற்றர் நீளமான ஒரு விளிம்பில் மட்டும் ஏறத்தாழ 35 இலட்சம் அயன்கள் மாறி மாறி வரிசை கட்டி நிற்கின்றன. உப்பை 1,400 பாகை செல்சியசுக்கு மேல் கொதிக்கவைத்து ஆவியாக்கினால் தனிச் சோடிகளைக் காணலாம் என்பது உண்மைதான். ஆனால் நம் கறிச்சட்டியில் விழுவது ஆவியன்று.

சோடிகள் இல்லை என்பதை ஏற்க மறுத்தவர்கள் அந்தக் காலத்துப் பெரியவர்களுக்குள்ளும் இருந்தார்கள். எக்ஸ் கதிர்களைக் கொண்டு உப்பின் உள்ளமைப்பைக் கண்டறிந்தவர் லோரன்ஸ் பிராக். அவர் கூறிய சதுரங்கப் பலகை போன்ற அடுக்கு பொது அறிவுக்கே ஒவ்வாதது, கிரிக்கெட் முறைக்கும், அதாவது நேர்மையான ஆட்டத்துக்கும், பொருந்தாதது என்று, வயது முதிர்ந்த ஆங்கில இரசாயனவியலாளர் ஹென்றி ஆம்ஸ்ட்ரோங் 1927 இல் 'நேச்சர்' சஞ்சிகையின் ஆசிரியருக்குக் கோபமாக ஒரு கடிதம் எழுதினார். ஆசிரியருக்குக் கடிதம் எழுதுபவர்கள் எல்லோரும் சரியாகத்தான் எழுதுவார்கள் என்று தாங்கள் எண்ணிவிடக் கூடாது என்பதற்காகவும் இதைக் குறிப்பிடுகிறேன்.

மாணவியின் கேள்விக்கு மறுநாள் நான் சொன்ன விடை, அவள் ஊர் உப்பளத்திலேயே இருந்தது. பாத்தியில் கிடக்கும் கடல்நீரில் உலோகச் சோடியமும் இல்லை, பச்சை நிறக் குளோரீன் வாயுவும் இல்லை. அயன்கள் அயன்களாகவே, நீர் மூலக்கூறுகள் சூழ, தனித்தனியே திரிகின்றன. வெயில் நீரைக் குடிக்கக் குடிக்க, முதலில் கல்சியம் காபனேற்றும் அடுத்து ஜிப்சமும் படிகின்றன. கடல்நீர் ஏறத்தாழ பத்திலொரு பங்காக வற்றிய பிறகே உப்புப் பளிங்கு தலைகாட்டுகிறது. கசப்பான மகனீசிய உப்புகள் கடைசிவரை நீரிலேயே தங்கிவிடுவதால் அந்த நீரை வடித்துவிடுகிறார்கள். இந்த நிகழ்ச்சியில் எந்தக் கட்டத்திலும் எவரும் எவருக்கும் இலத்திரனைக் கொடுக்கவில்லை. இடையில் நின்ற நீர் விலக, எதிரேற்றங்கள் நெருங்கி அடுக்குண்டன, அவ்வளவே.

நம் மாவட்டத்தின் வடகோடியிலுள்ள புல்மோட்டைக் கரைக்குப் போனால் தானக் கதை இன்னும் தடுமாறுகிறது. அங்குள்ள கரிய மணலிலுள்ள இல்மனைற்று என்ற கனிமத்தில் இரும்பும் தைத்தேனியமும் ஒட்சிசனும் இருக்கின்றன. தைத்தேனியத்துக்கு நாம் +4 என்று எண் எழுதுகிறோம். அதனால் அது நான்கு இலத்திரன்களை முற்றாகக் கைவிட்டுவிட்டது என்று கொள்ளக் கூடாது. இலத்திரன் முகில் ஒட்சிசன் பக்கம் பெரிதும் சரிந்திருக்க, கொஞ்சம் பகிர்வும் அங்கே உண்டு. அயன் பிணைப்பு, இலத்திரன்களைப் பகிர்வதால் உண்டாகும் பங்கீட்டுவலுப் பிணைப்பு என்று பாடத்தில் இரு தலைப்புகள் இருந்தாலும் இயற்கையில் அவற்றுக்கிடையே வேலி கிடையாது. இலத்திரனைத் தன்பால் இழுக்கும் திறனான மின்னெதிர்த்தன்மையில் இரு அணுக்களுக்கிடையே வேறுபாடு கூடக்கூட, பங்கீட்டுவலுப் பிணைப்பு அயன் பிணைப்பை நோக்கிச் சாய்கிறது. இதை ஒரு வரியிலேனும் சொல்லிவைத்தால் பிள்ளைகளுக்கு உயர்தரத்தில் அதிர்ச்சி இராது.

அடுத்த வாரப் பகுதி பங்கீட்டுவலுப் பிணைப்பைப் பற்றியது என அறிவித்திருக்கிறீர்கள். பிணைப்பு உடையும்போது சக்தி வெளிவரும் என்ற பரவலான தவறு அதில் இடம்பெறாதபடி கட்டுரையாளர் பார்த்துக்கொள்வார் என நம்புகிறேன். உடைப்பதற்குச் சக்தி செலவாகும். அடுப்பில் வாயு எரிந்து சூடு தருவது, காபனீரொட்சைட்டிலும் நீரிலும் புதிதாக உண்டாகும் பிணைப்புகள் வலுவானவையாக இருப்பதால்தான்.

அந்தப் பகுதியோடு சேர்த்து, உப்பின் படத்தையும் திருத்தி மறுபடி வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். மாறி மாறி நிற்கும் வட்டங்களை நான்கு வரிசையில் வரைந்தாலே போதும். அதற்கும் இடம் இல்லையெனில், பழைய படத்திலிருந்து அந்த அம்புக்குறியை மட்டுமாவது எடுத்துவிடுங்கள்.

இங்ஙனம்,
இரசாயனவியல் ஆசிரியை ஒருவர்,
திருகோணமலை.